ஒட்டுறவு

அறிக்கையில் ஒரு வரி மிச்சம்.
'கழிவுக் கால்வாயின் தூரத்துக்கும்
தோல் அரிப்புக்கும் இடையே'
அதற்கப்புறம் ஒரு சொல் வேண்டும்.
சைதாப்பேட்டை அச்சகத்துக்காரர்
ஐந்து மணிக்கு ஷட்டரை இறக்குவார்.

பன்னிரண்டாம் வகுப்புப் புத்தகம்
ஒட்டுறவு என்கிறது.
நசீமா சிரிக்கிறாள்:
"மேல்விஷாரத்துல எங்க அத்தாவும் பெரியத்தாவும்
ஒட்டும் வேணாம் உறவும் வேணாம்னு
பிரிஞ்சு பதினோரு வருஷம்.
உங்க கணக்குல அது பூச்சியமா மேடம்?"

இல்லை நசீமா.
இவர் விலையை ஏற்றினால் அவர் இறக்குகிறார் என்றால்
அது எதிர்மறை ஒட்டுறவு, பலமானது.
ஒருவர் கடை திறந்தாரா என்பதே
மற்றவருக்கு ஒரு பொருட்டில்லை என்றால்தான்
பூச்சியம்.
பகை பூச்சியமாவதற்கு
இன்னும் நாளாகும்.

தொடர்பு என்று போடலாம்.
கல்மேல்தாங்கலில் அந்தச் சொல்
ராத்திரி பத்து மணிக்கு மேல்
மோட்டார் கொட்டகைப் பக்கம் போய்வரும்.
சம்பந்தம் என்றால்
தாம்பூலத் தட்டோடு வந்துவிடும்.
சார்ந்த மாறி என்று படித்துக் காட்டினேன்.
"எந்தக் கட்சியைச் சார்ந்த?" என்றார்
ஜீப் ஓட்டும் தேசிங்கு.

போன மாதம் ஒரு கூத்து.
இரண்டு பத்திக்கும் 'தோல்' என்றே தலைப்பு.
ஒன்று, தோல் ஷாப்பில் வேலையா.
இன்னொன்று, தோலில் வியாதியா.
பதிவு செய்த பையன்
ஒன்றையே இரண்டு தரம் ஏற்றிவிட்டான்.
கணினி சொன்னது: ஒன்று.
புள்ளிக்குப் பின்னால் ஏதுமில்லாத முழு ஒன்று.
இருபது வருஷத்தில் அப்படி ஓர் எண்ணை
நான் பார்த்ததில்லை.
ஒரு நிமிஷம்
நம்பினேன்.

திருத்தினோம்.
ஒன்று இறங்கி இறங்கி
பூச்சியம் புள்ளி மூன்று ஒன்றில் நின்றது,
காட்பாடிக்கு வெளியே
சிக்னலுக்குக் காத்திருக்கும் பாசஞ்சர் மாதிரி.

ஆலையின் வக்கீலுக்குத்
தொடர்பு பிடித்திருக்கிறது.
தொடர்பு காரணமாகாது மேடம் என்று
எனக்கே பாடம் எடுக்கிறார்.
பாகாயத்து வகுப்பில்
வருஷா வருஷம் நான் கரும்பலகையில் எழுதுவது.
அவர் வாயில் அது
பாலிஷ் போட்டுக்கொண்டு வந்தது.

"காரணம்னே போடும்மா" என்கிறாள்
கெங்கம்மாள்.
முழங்கை வரை வெடித்த கையை
மேசைமேல் வைக்கிறாள், சாட்சி போல.

போட முடியாது கெங்கம்மா.
மூன்றாவது ஆள் ஒருத்தன் இருக்கலாம்.
இரண்டையும் பின்னாலிருந்து ஆட்டுகிறவன்.
எங்கள் பாஷையில் குழப்பும் மாறி.
வயதாக இருக்கலாம், சோப்பாக இருக்கலாம்,
வருமானம்,
கிணற்றின் ஆழம்...

"தூரத்தை டேப்பு புடிச்சு அளந்தியே,
எங்களை அம்மாங் கிட்டத்துல
யாரு வச்சதுன்னு
ஒரு கட்டம் போட்டியா?
மேடு ஊருக்கு. பள்ளம் காலனிக்கு.
கால்வா அப்புறந்தான் வந்துச்சு."

படிவத்தில் முப்பத்தெட்டுக் கேள்விகள்.
புரட்டிப் பார்த்தேன்.
தூரத்துக்கு எதிரே
என் கையெழுத்தில், நீல மையில்:
சாரா மாறி.
யாரையும் எதையும் சாராதது.

நாலு ஐம்பது.
வக்கீலின் சொல்லையும் அவள் சொல்லையும்
புத்தகத்தின் சொல்லையும் அடித்தேன்.
பெயர்ச்சொல்லே வேண்டாம்.
அடுக்கிச் சொன்னால் போதும் தமிழில்,
இரண்டு பொருளைக் கட்டிவிடலாம்:
கால்வாயை நெருங்க நெருங்க
அரிப்பு கூடுகிறது.

அடுத்த வரியைப் போனில் சொன்னேன்.
அந்தப் பக்கம் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது.
"அவர்கள் ஏன் அங்கே இருக்கிறார்கள் என்று
நாங்கள் கேட்கவில்லை."

"என்ன மேடம்? கேக்கலை."

ஆமாம், அதைத்தான்.
அப்படியே அடியுங்கள்.